டாஸ் லாத்தா

விண்டோஸ் வந்ததற்காகத் துக்கம் அனுஷ்டித்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் டாஸ் லாத்தாதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானும் அவரும் பாடம் நடத்தினோம். லாத்தா என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் அக்கா. தம்பி தங்கைகள் கூப்பிட்டதை மாணவர்கள் பிடித்துக்கொண்டு, முன்னால், விண்டோஸ் வருவதற்கு முன் கம்ப்யூட்டரை ஓட்டிய, அவர் பாடம் நடத்திய டாஸையும் ஒட்டவைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

எந்த நூல் மில்லில் பழைய மெஷினைக் கழித்தாலும் லாத்தா போய் நின்றுவிடுவார். மெஷின் வேண்டாம், அதோடு வந்த டாஸ் பிளாப்பிகளை மட்டும் கொடுங்கள் என்பார். இதில் ஏதோ சூது இருக்கிறதென்று மானேஜர்கள் நன்றாக யோசித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அப்படிச் சேர்த்தவற்றில் அவர் உயிராக நினைத்தது, கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்த ஒரு பையன் எழுதிய புரோகிராம். டாஸின் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்தை வரவைக்கும். எழுதியவனிடமே அது கிடையாது. லாத்தா பத்திரத்துக்காக ஒரு நகல் எடுத்து, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தார்.

ஒரு ஐப்பசியில் பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்தது. மழை விட்ட நாளில் லாத்தா பிளாஸ்டிக் உறைகளைப் பிளந்து, உள்ளே இருந்த கறுப்பு வட்டங்களை உருவி, சோப்புத் தண்ணீரில் அலசி, மறுபடி உறைக்குள் போட்டு ஒட்டுவதற்காக மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். எதிர் மாடி அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு அப்பளம்?" என்று விசாரித்தார். லாத்தா கோபப்படாமல், டாஸ் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து பாடம் எடுத்தார். அதற்கப்புறம் அந்த அம்மா மாடிக்கு வந்ததாக நினைவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரோடு லாத்தாவுக்கு நிக்காஹ் ஆனது. சீர் சாமான்களோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிளாப்பிப் பெட்டியும் போயின. மாமியார் திரையைப் பார்த்து, டிவி அவிந்துபோய்விட்டதே என்று வருத்தப்பட்டாராம். மாப்பிள்ளை மட்டும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பாராம். ஒன்றும் விளங்காது, ஆனாலும் பார்ப்பாராம்.

லாத்தா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அது நடந்தது. இந்தப் பழைய கம்ப்யூட்டரோடு மனைவி கஷ்டப்படுகிறாளே என்று மாப்பிள்ளை மதுரைக்குப் போய்ப் புது விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். இடம் வேண்டுமே என்று பழையதைப் பிளாப்பிகளோடு சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். குழந்தையோடு திரும்பியவரை நேராகக் கூட்டிப்போய், மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். கலர் கலராகத் திரை.

"நல்லாருக்கு," என்றார் லாத்தா. அதற்குப் பிறகுதான் பிளாப்பிப் பெட்டி எங்கே என்று கேட்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் இரும்புக் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் பிளாப்பிகளில் இருந்த தகரத்தை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தைக் குப்பையோடு கொளுத்தியிருந்தார். தமிழ் வந்த டிஸ்கும் அதன் நகலும் ஒன்றாகவே போயிருந்தன. கடை வாசலில் உட்கார்ந்து அழுதது லாத்தா இல்லை, மாப்பிள்ளை.

மறுவருஷம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. ஜவுளி எடுக்கப் போகிற ஊரிலெல்லாம் மாப்பிள்ளை தேடித் தேடி பிளாப்பி வாங்கி வருகிறாராம். எடுத்துப் பார்த்தேன். பிரிண்டர் டிஸ்க், சீட்டு விளையாட்டு, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை.

"இதுல ஒண்ணுகூட டாஸ் இல்லையே லாத்தா?"

"இல்லதான்." குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, அவியகிட்ட சொல்லிராத."

மாப்பிள்ளையே டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டியைக் காட்டி, "எம்புட்டு சேந்துருச்சு பாத்தீகளா?" என்று என்னிடம் கேட்டார்.

நிறையச் சேர்ந்துவிட்டது அண்ணே என்றேன். லாத்தா, அவர் அன்றைக்கு வாங்கி வந்திருந்த டிஸ்கை முந்தானையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.