நேர்சரிக்குப் போன ஓவசியர்

ஐம்பது வயதுக்குப் பிறகு நேர்சரியில் சேர்ந்து, பாயில் சம்மணம் கட்டியிருந்து, "ரீச்சர், ஒண்டுக்குப் போட்டு வரட்டோ?" என்று கையை உயர்த்திக் கேட்டுப் படித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் உரும்பிராய் ஓவசியர்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். தாய் தகப்பன் வைக்காமலா விட்டிருப்பார்கள்? ஆனால் ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. கலியாண அழைப்பிதழில்கூட "ஓவசியர் குடும்பம்" என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். ஆள் நல்ல நெடுப்பம். அகலம் அதைவிட. மூக்குக்குக் கீழே இரண்டு அணில்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுபோல ஒரு மீசை.

றோட்டு வேலை பார்ப்பிக்கிற உத்தியோகம் அவருக்கு. ஆனால் நான் சொல்கிறது சண்டைக் காலம்; தடை போட்டிருந்ததால் குடாநாட்டுக்குத் தார் வராது, சீமெந்து வராது, றோலர் ஓட எண்ணெய் வராது. ஓவசியர் காலையில் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைப்பார். பிறகு சைக்கிளில் ஏறி, றோட்டில் உள்ள குழி கிடங்குகள் எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்ப்பார். இருக்கும். வீட்டுக்கு வந்துவிடுவார்.

வீட்டில் நிமலன். கலியாணமாகிக் கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பொடியன். அவனை ஓவசியர் நிலத்தில் விடமாட்டார். மழை பெய்தால் குடை பிடிப்பார். வெயில் அடித்தால் குடை பிடிப்பார். இரண்டும் இல்லாவிட்டால், இனி ஏதாவது வரலாம் என்று குடை பிடிப்பார்.

இப்படிப்பட்ட மனிதரின் பிள்ளையும் என்ரை மகள் கௌரியும் ஒரே தை மாதத்தில் நேர்சரிக்குப் போகத் தொடங்கினார்கள்.

நேர்சரி என்றால் அந்த நேரம் ஒரு கிடுகுக் கொட்டில், ஒரு கிணறு, ஒரு மணல் கும்பி, பிளேன் வந்தால் ஓடி ஒளிய ஒரு பங்கர். அவ்வளவுதான். நடத்தினவ சின்ன ரீச்சர். ஆள் கட்டை என்பதால் அந்தப் பெயர். குரல் மட்டும் கட்டையில்லை. பிள்ளைகளைச் சேர்க்கிறதுக்கு முதல் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தா.

"வடிவாக் கேளுங்கோ," என்றா ரீச்சர். "முதல் கிழமை பிள்ளை அழும். அடுத்த கிழமை தடிமன் பிடிச்சு மூக்கு ஓடும். அதுக்கடுத்த கிழமை ஆரிட்டையோ ஒரு தூசண வார்த்தை பழகிக்கொண்டு வரும். அதுக்குப் பிறகு வீட்டிலை நீங்கள் சொல்லுறதெல்லாம் பிழை, ரீச்சர் சொல்லுறதுதான் சரியெண்டு நிக்கும். ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம். விளங்கிச்சோ?"

எல்லோரும் தலையாட்டினோம். ஓவசியர் மட்டும் எழும்பினார்.

"ரீச்சர், அழுதால் எவ்வளவு நேரம் அழும்?"

"நீங்கள் படலையைத் தாண்டுமட்டும் அழும்."

"தாண்டின பிறகு?"

"விளையாடும்."

"விளையாடேக்கை விழுந்தால்?"

"எழும்பும்."

"எழும்பாட்டில்?"

"ஐயா, நீங்கள் இருங்கோ," என்றா ரீச்சர். ஓவசியர் இருந்தார். அவருக்குக் கீழே மர வாங்கு முனகியது.

அன்றையிலிருந்து அவர் வீட்டில் ஒத்திகை. விடியப்புறம் பொடியனை எழுப்பி, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சைக்கிள் பாரில் தலையணை கட்டி இருத்தி, நேர்சரிப் படலை மட்டும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார். "அப்பா இப்ப போவன், பிறகு வருவன், நீங்கள் அழக் கூடாது, என்ன?" என்று ஒவ்வொரு நாளும் பாடம். பொடியன் ஒத்திகையில் நன்றாகத் தேறிவிட்டான். தகப்பனுக்கு ஒத்திகை கொடுக்க ஆளில்லாமல் போய்விட்டது.

முதல் நாள் வந்தது. கொட்டிலில் செத்த வீடுபோல ஒரே ஒப்பாரி. கௌரி என் சேலையைப் பிடித்து இழுத்த இழுவையில் நான் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் ஓவசியர் வந்தார். கரியரில் பாய், குடை, சுடுதண்ணிப் போத்தல், மாற்றுக் காற்சட்டை, துவாய், தலையிடித் தைலம். நிமலனை இறக்கி விட்டார். பொடியன் நேரே மணல் கும்பிக்குப் போனான். ஒரு பால்மாப் பேணியை எடுத்து மண்ணை நிரப்பத் தொடங்கினான்.

"தம்பி, அப்பா போட்டு வாறன்," என்றார் ஓவசியர்.

பொடியன் மண் நிரப்பினான்.

"தம்பி, அப்பா போறன் எண்டு சொன்னனான்."

"ஓம், போங்கோ," என்றான் நிமலன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அணில்கள் இரண்டும் துடித்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொட்டிலில் அன்றைக்கு எல்லாரையும் விடக் கூட அழுதது ஓவசியர்தான். ரீச்சர் அவரைப் படலை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தா.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "தண்ணிப் போத்தல் மூடி இறுக்கமோ எண்டு பாக்க வந்தனான்." பார்த்துவிட்டுப் போனார். பிறகும் வந்தார். "என்ரை குடையை விட்டிட்டன்." குடை அவர் கையில் இருந்தது. மூன்றாம் முறை ரீச்சர் படலையைச் சாத்திக் கொளுக்கி போட்டா.

படலை சாத்தினால் என்ன, வேலி இருக்கிறதே! கிடுகு வேலியில் மெல்ல ஓலையை விலக்கி ஒரு பொட்டு வைத்து, அதற்குள்ளால் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் அப்போதுதான் அழுது ஓய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பாட்டுப் பாட ஆயத்தமாக இருந்தார்கள். ஒரு பெட்டை வேலிப் பக்கம் திரும்பினாள். கிடுகுக்குள் ஒரு கண். கண்ணுக்குக் கீழே ஒரு மீசை.

"ரீச்சர்! வேலிக்கு மயிர் முளைச்சிருக்கு!"

அதோடு கொட்டில் கிளம்பியது. ஓய்ந்த பிள்ளைகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கின. இரண்டு பிள்ளைகள் காற்சட்டையோடு ஈரமாகிவிட்டன. நிமலன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, தனக்கும் அந்த வேலிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதுபோல இருந்தானாம்.

இந்தக் கூத்து அந்தக் கிழமை முழுக்க நடந்தது. கடைசியில் ரீச்சர் படலையைத் திறந்தா.

"உள்ளுக்கை வாங்கோ ஓவசியர். வெளியிலை நிண்டு வேலியைப் பிரிக்கிறதை விட உள்ளுக்கை இருக்கிறது நல்லம். ஆனா ஒண்டு. இஞ்சை இருக்கிற ஆக்கள் எல்லாரும் பிள்ளையள். பெரியாக்களுக்கு இடமில்லை. சம்மதமோ?"

வெட்கப்பட்டுப் போய்விடுவார் என்று ரீச்சர் நினைத்திருக்க வேண்டும். ஓவசியர் செருப்பைக் கழற்றி, பிள்ளைகளின் செருப்பு வரிசையில் நேராக வைத்துவிட்டு வந்து பாயில் இருந்தார்.

இருந்ததோடு நிற்கவில்லை. படிக்கவும் தொடங்கிவிட்டார். ரீச்சர் படத்தைத் தூக்க முதலே "முயல்!" என்று கத்துவார். "ஓவசியர், கையை உயர்த்திப்போட்டுத்தான் கதைக்க வேணும்," என்று ரீச்சர் அதட்டுவா. "சொறி ரீச்சர்," என்று கையைக் கட்டுவார். யானைப் பாட்டுக்கு அவர் எழும்பி ஆடினால் கிடுகுக் கூரையிலிருந்து தூசி கொட்டும். பிள்ளைகளுக்கு அவர் ஒரு விளையாட்டுத் திடல். முதுகில் இரண்டு, தோளில் ஒன்று, மடியில் மூன்று என்று ஏறிக்கொள்ளும்.

கௌரி வீட்டுக்கு வந்து முறைப்பாடு சொல்லுவாள்.

"அம்மா, ஓவசியர் நான் எழுதுற சோக்கட்டியை எடுத்துப்போட்டார்."

"கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"கேட்டனான். தன்ரை முறிஞ்சு போச்சாம்."

பெற்றோர் எதிர்பார்க்க வேண்டியவை என்று ரீச்சர் சொன்னது எல்லாம் ஒழுங்காக நடந்தது. கௌரிக்குத் தடிமன் பிடித்தது. ஓவசியருக்கும் பிடித்தது. வீட்டில் அன்னமக்கா, அவருடைய மனைவி, தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னா: "பிள்ளை, நான் பிளேன்ரீ குடுத்தால் மனிசன் கைகழுவிப்போட்டுத்தான் குடிப்பன், ரீச்சர் ஏசுவா எண்டு நிக்குது."

ஆனால் நிமலன் தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்கவே மாட்டான். ஓவசியர் இந்தப் பக்கப் பாயில் என்றால் அவன் எட்டத்தில் அந்தத் தொங்கலில். ஓவசியர் கிட்டப் போனால் அவன் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவான். மனிதர் பகலெல்லாம் மற்றப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு தன்ரை பிள்ளையைத் தூரத்தில் நின்று பார்த்தார்.

ஒவ்வொரு தாயும் முறைவைத்துப் பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது அவித்துக்கொண்டு போவோம். என் முறை வந்த நாளில் கௌபிப் பயறு அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுக் கொண்டுபோனேன். சட்டியை இறக்கி வைக்கவில்லை, வடக்குப் பக்கம் இரைச்சல் கேட்டது. குண்டு போடுகிற பொம்மர்.

ரீச்சர் விசில் ஊதினா. பிள்ளைகள் அழாமல், தள்ளுப்படாமல், எறும்புபோல வரிசையாகப் பங்கருக்குள் இறங்கின. ஓவசியர் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி உள்ளே விட்டார். கடைசிப் பிள்ளையும் போனது. "இறங்குங்கோ ஓவசியர், கெதியா!" என்றா ரீச்சர். ஓவசியர் தலையை விட்டார். கையை விட்டார். தோளும் ஒரு மாதிரிப் போனது. அதற்குப் பிறகு ஒன்றும் போகவில்லை.

பங்கர் வாசலை வெட்டினவர்கள் நேர்சரிப் பிள்ளைகளை நினைத்து வெட்டியிருக்கிறார்கள். பாதி ஓவசியர் உள்ளே, பாதி ஓவசியர் வெளியே. வெளியே நின்ற எங்கள் இருவருக்கும் வேறு வாசலும் இல்லை. மேலே பொம்மர் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறது.

"தள்ளுங்கோ!" என்று ரீச்சர் கத்தினா. தள்ளினேன். எதைத் தள்ளினேன் என்று வீட்டுக்காரரிடம் நான் இன்னும் விவரமாகச் சொல்லவில்லை. உள்ளே பிள்ளைகள் மீசையைப் பிடித்து இழுத்தார்களோ என்னவோ, "ஐயோ, அதை விடு மோனை!" என்று ஒரு குரல் மட்டும் மண்ணுக்குள்ளால் வந்தது. அதைத் தொடர்ந்து பிள்ளைகள் எல்லாரும் சிரிக்கிற சத்தம்.

ரீச்சர் குனிந்து, வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னா: "ஓவசியர்! மூச்சை உள்ளுக்கை எடுங்கோ. இப்ப மெல்ல வெளியிலை விடுங்கோ. எல்லாத்தையும் விடுங்கோ!"

நல்ல மாணவன் அல்லவா! விட்டார். அவருடைய சேட்டுத் தெறி ஒன்று பறந்து என் காதுக்குப் பக்கத்தால் போனது. சாக்கு மூட்டை விழுந்ததுபோலச் சத்தத்தோடு அவர் உள்ளே விழ, நாங்கள் இருவரும் அவருக்கு மேலே விழுந்தோம். தூரத்தில் எங்கேயோ இரண்டு குண்டு குத்தியது. நிலம் அதிர்ந்து, கூரை மண் தலையில் கொட்டியது.

இருட்டில் பிள்ளைகள் ஓவசியரைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.  அப்போது அந்தத் தொங்கலில் இருந்து ஒரு ஆள் மற்றப் பிள்ளைகளின் காலைக் கையை மிதித்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. நிமலன். வந்து தகப்பனின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான்.

"அப்பா, நீங்கள் நாளைக்கு வராதேங்கோ."

"ஏன் ராசா? வெக்கமோ?"

"இல்லை. இந்தப் பங்கருக்குள்ளை உங்களுக்கு இடம் காணாது அப்பா."

பொம்மரின் இரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது.  ஓவசியர் பொடியனின் தலையில் கொட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் ஓவசியர் வந்தார். நிமலனை இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. பின்னால் அவருடைய றோட்டு வேலையாட்கள் நின்றார்கள், அலவாங்கும் மண்வெட்டியும் கடகமுமாக. நெடுங்காலமாக வேலையில்லாமல் கையெழுத்து மட்டும் வைத்துக்கொண்டிருந்த ஆட்கள்! பங்கர் வாசலை வெட்டி அகலமாக்கினார்கள். பனங்குற்றி அடுக்கினார்கள். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ஓவசியர் நூல் பிடித்து மட்டம் பார்த்தார். "உது கோணல், திருப்பி வை!" என்று அவர் போட்ட சத்தம் கோப்பாய் வரை கேட்டிருக்கும். வாசல் அளவு சரியோ என்று பார்க்கத் தானே ஒருமுறை நுழைந்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பங்கர் முடிந்தும் ஆளுக்கு அலுக்கவில்லை. படலையிலிருந்து கொட்டில் வரை கல்லும் கிரவலும் போட்டு, பனங்குற்றியை உருட்டி இறுக்கி, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல்லு வைத்து ஒரு றோட்டுப் போட்டார். அந்த வருசம் குடாநாடு முழுவதிலும் புதிதாகப் போட்ட றோட்டு அது ஒன்றுதான் என்று நான் பந்தயம் கட்டுவேன். வேலை மும்முரத்தில் பொடியனை எட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. இப்போது நிமலன்தான் பாட்டுக்கு நடுவில் எழும்பி எழும்பி வெளியே பார்த்தான். "அங்கை பாருங்கோ ரீச்சர், அப்பா வேலை செய்யிறார்," என்று வகுப்புக்கே சொல்லிக்கொண்டிருந்தானாம். அதற்காக ஒருநாள் அவனைத் தனியப் பாயில் இருத்தினார்களாம்.

அடுத்த தையில் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போனார்கள். நிமலன் ஆண்கள் பள்ளிக்கு, கௌரி பெண்கள் பள்ளிக்கு. நேர்சரி முடித்த பிள்ளை, இனி அழமாட்டாள் என்று நான் துணிவாகப் போனேன். வாசலில் வைத்து அலறத் தொடங்கிவிட்டாள். புது ரீச்சர் கூப்பிட்டா, அசையவில்லை. வேறு பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அந்த நேரம் றோட்டில் ஒரு சைக்கிள் மணி. மகனை மற்றப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வியர்க்க வியர்க்க உழக்கிக்கொண்டு வந்து நின்றார் ஓவசியர். "இவ என்ன செய்யிறா எண்டு ஒருக்கா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்," என்றார் என்னிடம்.

கௌரி அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்தாள். சைக்கிளை விட்டு இறங்கி வந்து குனிந்த அந்தப் பெரிய மனிதரின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற பிள்ளைகளை ஒருமுறை பெருமையாகப் பார்த்தாள்.

"இவர் என்னோடை படிச்சவர்," என்றாள்.

பிள்ளைகள் ஓவசியரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்கள். அவர் போட்டிருந்த சேட்டை இழுத்து நேராக்கிக்கொண்டு, கையை உயர்த்தி, புது ரீச்சர் தலையாட்டும் வரை காத்திருந்தார்.

"ஓம் ரீச்சர்," என்றார். "இவ என்ரை சிநேகிதி. கொஞ்சம் கவனமாப் பாருங்கோ."