தாய்மாமன் ஆன இயக்குநர்

ஆண்-பெண் ஒழுக்கத்துக்கு உலகம் இதுவரை கண்ட வழிகள் எல்லாம் சும்மா. உருப்படியான ஒரே வழியைக் கண்டுபிடித்தவர், திண்டிவனம் 'நேசக்கரை' தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் வெற்றிச்செல்வன் ஐயா அவர்கள்தான். அங்கே மொழிபெயர்ப்பாளனாகச் சம்பளம் வாங்கிய பாக்கியவான் நான்.

சுனாமிக்குப் பிறகு மரக்காணம் குப்பங்களில் எங்கள் சேவை கொழித்த காலம். ஊழியர்களின் பாலியல் நடத்தைக்கு விதி இருந்தால்தான் நிதி என்று வெளிநாட்டிலிருந்து உத்தரவு வந்தது. ஐயா ஒரே கூட்டத்தில் விதி போட்டுவிட்டார்.

"இன்னையிலேர்ந்து ஆபீஸ்ல அத்தினி பேரும் அண்ணன் தங்கச்சிங்க. அப்படித்தான் கூப்பிடணும், அப்படித்தான் நடந்துக்கணும்."

"ஐயா, புனிதா என் பொண்டாட்டிங்க," என்றார் களப்பணியாளர் செல்வகுமார்.

"அது வூட்ல. இங்க தங்கச்சி."

மதியச் சாப்பாட்டில் 'தங்கச்சி'க்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உருண்டை ஊட்டிய குற்றத்துக்காக அவருக்கு மெமோ கிடைத்தது. ஒழுக்கம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

அடுத்த மாதம் புனிதா அழுதுகொண்டே புகார் கொடுத்தார். குப்பத்துக்குப் போகும் ஜீப்பில் ஐயா அவர் இடுப்பில் கை வைத்தாராம். விசாரணைக் குழுவின் தலைவரும் ஐயாவே என்பதால் விசாரணை ஜல்தியாக முடிந்தது. 'அண்ணன் தங்கச்சியைத் தொடுவது பாசம். பாசத்தைக் கொச்சைப்படுத்திய தங்கச்சிக்கு இம்மாதத்தோடு வேலை இல்லை.' விதிப்படி பார்த்தால் அப்பழுக்கில்லாத தீர்ப்பு.

மாதக் கடைசியில் நிதி தரும் வெள்ளைக்கார அம்மையார் வந்தார். மாலை மரியாதை நடக்கும்போதே புனிதா மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னால் மற்ற பெண் ஊழியர்களும் அவரவர் பிள்ளைகளோடு வந்தார்கள்.

"அண்ணே, வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர்ல பாப்பாவுக்குக் காது குத்தறோம். நீங்கதான் தாய்மாமன். மடியில ஒக்கார வச்சிக்கினு, தங்கக் கம்மல், பட்டுப் பாவாடை, சீர்த்தட்டு எல்லாம் நீங்கதான் செய்யணும்."

"எம்புள்ளைக்கும்தாண்ணே!" என்றார் சமையல் பாஞ்சாலி.

"எம்புள்ளைங்க ரெண்டுக்கும்!" என்று இன்னொரு குரல்.

ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "இன்னாம்மா பேஜாரு பண்றீங்க? நான் எப்படி ஒங்களுக்கு அண்ணனாவேன்? நான் யாருக்கும் அண்ணன் இல்ல!"

"அப்ப ஜீப்புல இன்னா மொறையில கை வெச்சீங்க?"

அம்மையார் என் பக்கம் திரும்பினார். வாங்கிய சம்பளத்துக்கு வஞ்சகமில்லாமல் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ஐயாவின் புகழுக்காக நானாக ஒரு வரியும் சேர்த்தேன்.

"எங்க ஆபீஸ்ல ஆம்பளைங்க எல்லாரும் அண்ணன்தாங்க, இந்த விதியை எழுதினவர் ஒருத்தரைத் தவிர."