வழவழ அண்ணனின் கடற்பஞ்சு

கடலூர், சிதம்பரம் இரண்டு ஊரிலும் சேர்த்துத் தேடினாலும், பாசியில் வழுக்கி விழுந்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்த ஒரே மனிதர் எங்கள் வழவழ அண்ணன்தான். நான் சிதம்பரத்தில் நுண்ணுயிரியல் படித்த காலத்தில், அதே துறையில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவர் செய்தவை, வரிசையாக:

1. ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழுவதற்கு முன் தரையைச் சுரண்டி டப்பாவில் எடுத்துக்கொண்டார்.
2. மெஸ் மாஸ்டரிடம் மோர் டிரம்மின் குழாயைக் கழற்றித் தரச் சொன்னார். மாஸ்டர் கரண்டியைத் தூக்கினார்.
3. வார்டனின் பல் செட்டை ஒரே ஒரு நாள் இரவல் கேட்டார்.
4. வேறு அறைக்கு மாற்றப்பட்டார். இந்தக் குழாய் பழையதைவிட வழவழப்பாக இருக்கிறது என்று வார்டனுக்கு நன்றி சொன்னார்.

அவருடைய ஆராய்ச்சியே வழவழப்புதான். கிருமிகள் தனித்தனியாகத் திரிந்தால் மருந்துக்குச் செத்துவிடும். ஓரிடத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு பசைப் போர்வையையும் போர்த்திக்கொண்டால், அதே மருந்தைக் கொட்டினாலும் அசையாது. சர்க்கரை நோயாளிகளின் கால்புண் ஆறாமல் இழுப்பதற்கு இந்தப் போர்வையும் ஒரு காரணம்.

"அதுங்க தனியா இருக்கச் சொல்ல சும்மாதான்மா இருக்கும். கூட்டம் ஜாஸ்தியானா ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும். நெறையப் பேரு சேந்துட்டோம், வாங்க வூடு கட்டலாம்னு. அடிச்சுக் கொல்லப் போனா, பொழச்சது திமிரோட வரும். அந்தச் சேதி போவாம பண்ணிட்டாப் போதும்" என்பார்.

"அப்ப எங்க ரூம்ல ரெண்டு பொண்ணுங்க விடிய விடியப் பேசுதுங்க. மொதல்ல அங்க ட்ரை பண்ணுங்கண்ணே."

அவர் சிரிக்கவில்லை. "சுவத்துல ஒட்டிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அம்மா திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். அக்கா புருஷனுக்குச் சொந்தப் படகு. அந்தப் படகின் வலையில் மாட்டிய கடற்பஞ்சுதான், கடலடியில் ஒட்டி வாழும் ஓட்டை ஓட்டையான அந்த உயிர்தான், அண்ணனைப் பிடித்த பேய். "படகு அடியில பாசி, நங்கூரக் கயித்துல பாசி. இது நகராம ஒரே எடத்துல கெடக்குது, இது மேல மட்டும் ஏன் இல்ல? உள்ள என்னாவோ வச்சிருக்கு" என்று, ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா பையில் கட்டித் தருவதை பஸ்சில் கொண்டுவந்து அரைத்துச் சாறெடுத்தார்.

முதல் இரண்டு வருடம் சாறு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஆய்வுக் குழுக் கூட்டத்தில் முடிவு காட்டாவிட்டால் பதிவு ரத்து என்று துறையில் சொல்லிவிட்டார்கள். "ஊத்திக்கிச்சுன்னா சொல்லு மச்சான், படகுல ஓராள் கொறையுது" என்று அக்கா புருஷன் அன்பாகப் போன் செய்தார்.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. சோதனைத் தட்டில் கிருமிப் படலம் இருந்தால் ஊதாச் சாயம் ஒட்டும். இல்லாவிட்டால் தட்டு வெளுப்பாக இருக்கும். அண்ணனின் தட்டுகள் ஒன்று விடாமல் கழுவிய கண்ணாடிபோல வந்தன. வாரா வாரம் அதே கதை. பேச்சைத் தடுக்கும் பொருளைத் தேடியவருக்குப் பேசுகிற ஆளே மிச்சமில்லாத தட்டு கிடைத்தது. இதையும் உபரி லாபம் என்று எடுத்துக்கொண்டோம். அவர் அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். "மருந்து எப்பக் குடுப்பான் ஒம்புள்ள?" என்று கால்கட்டோடு ஒருவர் தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போனாராம்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, குழுவுக்குக் காட்டப் புதுக் கடற்பஞ்சு எடுக்க அண்ணன் ஊருக்குப் போனார். நான் கடலூர்க்காரி என்பதால் கூடப் போனேன். வாசலில் அவர் அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கைவிட்டு எதையோ துணிபோலக் கசக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் பால் வெள்ளை.

"என்னாம்மா அது?"

"ஒன் பஞ்சுதான்டா. ஃபினாயில்ல ஊறப் போட்டு அலசுறேன்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு பஸ்சுல கண்டக்டர் நாத்தம்னு எறக்கி வுட்டான்னியே, அதுலேர்ந்துதான். காலேஜுல ஒருத்தரும் ஒன்ன மூக்கப் புடிச்சிக்கிட்டுப் பாக்கக் கூடாதில்ல?"

எங்கள் ஆய்வகத்தில் தினமும் ஃபினாயில் போட்டுத் துடைப்பார்கள். அதனால் பையில் வந்த வாசனை யார் மூக்கிலும் தனியாக ஏறவில்லை.

அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "தப்பு பண்ணிட்டனா பாப்பா?"

அண்ணன் எழுந்தார். "இல்லம்மா. இனிமே நாத்தத்தோடயே குடு."

கூட்டத்தில் அந்த அழகான படங்களை எல்லாம் காட்டினார். கடைசிப் படம் முடிந்ததும், "சார், இது கடற்பஞ்சு இல்ல. ஃபினாயில்" என்றார். குழுவில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது சார். கால்கட்டோட ஒருத்தர் எங்கம்மாகிட்ட தெனம் கேக்குறாரு. அவுருக்குத் தெரிஞ்சிடும்."

எல்லாவற்றையும் மறுபடி செய்ய அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகு கடலூர்-சிதம்பரம் பஸ்களில் அண்ணன் பிரபலமானார்.

"யோவ், பையில என்னாயா?"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியத் தூக்கிட்டுப் பின்னாடி படிக்கட்டாண்ட போ."

போனார். இன்னொரு நாள், சிதம்பரம் வரை டிக்கெட் எடுத்த ஒரு மாமா, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டு ஆலப்பாக்கத்திலேயே இறங்கிக்கொண்டார்.

கழுவாத கடற்பஞ்சுகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யவில்லை. ஒன்று மட்டும் போர்வையைக் கொஞ்சம் தளர்த்துகிறது. கிருமியைக் கொல்வதில்லை, ஆனால் பழைய மருந்து ஒன்றைக் கூடச் சேர்த்தால், அது முன்பைவிட நன்றாக உள்ளே போகிறது. தட்டில் மட்டும்தான். மனிதர் காலுக்கு வர இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. ஆய்வேடு முடியவில்லை. படகில் அந்த இடமும் காலியாகத்தான் இருக்கிறது.

நான் இப்போது கடலூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன். புண்ணின் சீழைச் சோதித்து, கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று எழுதித் தருவது என் வேலை. எதற்குமே கட்டுப்படாத ஒன்று வரும் நாளில் அண்ணனுக்குப் போன் செய்வேன். ஆராய்ச்சி எதுவரை வந்தது என்று கேட்கத்தான் எடுப்பேன். கால்கட்டுக்காரர் கேட்பதே போதும் என்று தோன்றிவிடும். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.