தாஹுவும் தெம்பேயும் உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பிராணிகளா?

சலாத்திகா
செவ்வாய்க்கிழமை

என்றும் என் வணக்கத்துக்குரிய சுலஸ்த்ரி அக்காவின் சமூகத்துக்கு, தம்பி வசிஸ்தோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் நானும் என் மனைவி முர்னியும் சுகம். சோலோவில் உங்கள் முழங்கால், மகன் பாகஸ், மருமகள், பேரக்குழந்தைகள், புதிதாய் மாற்றிய ஓட்டுக்கூரை ஆகிய எல்லாமும் சுகம்தானா என்று அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் மூச்சு விடுகிற இடைவெளியில்தான் நான் பேச முடியும். அந்த இடைவெளியில் என் வாயில் வருவது "சரிக்கா" ஒன்றுதான். நம் வீட்டில் பெரியவர்களிடம் யாராவது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறோமா? சரி என்போம். செய்யப்போகிற சரி ஒன்று, யோசிக்கிற சரி ஒன்று, தலைகீழாய் நின்றாலும் நடக்காத சரி ஒன்று. நம் அப்பா, வயலை விலைக்குக் கேட்டு வந்த மனிதருக்கு வருஷக்கணக்காய் சரி சொல்லியே அனுப்பினார். அவரும் முகம் கோணாமல் காபி குடித்துவிட்டுப் போவார். முகத்தைப் பார்த்தால் எந்தச் சரி என்று தெரிந்துவிடும். போனில் தெரியாது, அதுதான் சிக்கல்.

போன மாதம் நான் உங்களிடம், "இந்த ரெண்டு சனியனையும் யார் தலையிலயாவது கட்டணும்க்கா" என்று புலம்பியது உண்மை. நீங்கள் பெரிய மனதோடு, "நாங்களே வாங்கிக்கறோம்டா, பிள்ளைங்க ஒரு பிராணி வேணும்னு அரிச்செடுக்குதுங்க, அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை பாகஸ் காரை எடுத்துட்டு வருவான்" என்றதும் உண்மை. நான் "சரிக்கா" என்றேன். அணில் மாதிரி இருந்துகொண்டு காற்றில் மிதக்கிற இந்தச் சுகர் கிளைடர் நம் மாதிரிக் குடும்பத்துக்கு ஒத்துவருமா, உள்ளதை உள்ளபடி சொல் என்றும் கேட்டீர்கள். குடிநீர் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் மீட்டர் காட்டியதைத்தான் எழுதினேன், கூட்டியதும் இல்லை குறைத்ததும் இல்லை. அதே நடுநிலையோடு இதையும் எழுதுகிறேன். எனக்கு எந்தப் பக்கமும் சாய்வு கிடையாது.

என் மகள் நிங்ரும் பாத்தாம் தீவுக்கு வேலைக்குப் போனபோது, அவள் அறை எடுத்த வீட்டுக்காரி பிராணிகள் ஆகாது என்றுவிட்டாளாம். "கொஞ்ச நாள்தான்பா" என்று கூண்டை நடுக்கூடத்தில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டாள். உள்ளே சாம்பல் நிறத்தில், முதுகில் கறுப்புக் கோடு போட்டு, உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு ஜீவன்கள், உடம்பில் பாதி கண். ஆணுக்குத் தாஹு என்றும் பெண்ணுக்குத் தெம்பே என்றும் பெயர் வைத்திருந்தாள். தினம் தட்டில் வைத்துச் சாப்பிடுகிற சோயாப் பண்டங்களின் பெயர்களைப் போய் யாராவது வைப்பார்களா? முர்னி சமையலறையிலிருந்து "தெம்பே தீஞ்சு போச்சு!" என்று ஒருநாள் கத்தினாள் பாருங்கள், நான் செருப்பில்லாமல் தெருவரைக்கும் ஓடிவிட்டேன்.

பகலெல்லாம் தூங்கும், விளக்கு வைத்ததும் எழுந்துகொள்ளும். எழுந்ததும் குரைக்கும். ஆமாம், நாய்க்குட்டி மாதிரிதான் குரைக்கும், அந்த உடம்பில் அந்தச் சத்தம் எங்கே ஒளிந்திருக்கிறதோ. பிறகு கையையும் காலையும் விரித்துத் திரைச்சீலையிலிருந்து கடிகாரத்துக்கும் கடிகாரத்திலிருந்து முர்னியின் கொண்டைக்கும் மிதந்து போகும். போகிற வழியில் மேலேயிருந்து என்னென்ன விழும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தாஹுவுக்கு உச்சியில் ஒரு வழுக்கை வேறு. ஆண்களுக்கு அப்படித்தான் இருக்குமாம், அதைத் தேய்த்துத்தான் இது என் சொத்து என்று அடையாளம் வைக்குமாம். முர்னி என் தலையையும் அதன் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க எந்த ஜாதியில பொறந்தாலும் கடைசியில இதே கதிதான் போல" என்றாள்.

பறவைச் சந்தையில் வெட்டுக்கிளி விற்கிறவன்தான் எனக்குப் 'பாக்' போட்டு மரியாதையாய் யோசனை சொன்னான். "பாக், நீங்க போட்டுக் கழட்டின பனியன் ஒண்ணைக் கூண்டுக்குள்ள போடுங்க. உங்க வாசனை பழகிடுச்சுன்னா அப்புறம் உங்களை விடாதுங்க" என்றான். போட்டேன். என் பனியன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? இந்த மலையூர்க் குளிரில் காலையில் பச்சைக் குப்பித் தைலம், மாலையில் பச்சைக் குப்பித் தைலம், உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் முர்னி அதே தைலத்தைத் தடவி முதுகைக் காசால் சுரண்டுவாள். அம்மா நமக்குப் பாலோடு சேர்த்துத் தைலத்தையும் புகட்டி வளர்த்தவள்தானே. பனியன் வேலை செய்தது. இரண்டும் என் சட்டைக்குள் தொங்கவிட்ட துணிப்பையில் பகலெல்லாம் கிடந்து தூங்கின. எனக்குப் பெருமை தாங்கவில்லை, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பையைத் திறந்து காட்டினேன்.

அப்படியே ஒருநாள் வட்டத் தலைவர் பாக் தர்மாஜி வீட்டுக் கந்தூரிக்கும் பையோடு போய்விட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. மாலைத் தொழுகை முடிந்து பாயில் வட்டமாய் உட்கார்ந்தோம், நடுவில் மஞ்சள் சோற்றுக் கோபுரம், ஓதுகிற பெரியவர் கையேந்தி ஆரம்பித்தார். அதுதானே அவை எழுந்துகொள்கிற நேரம்! தெம்பே என் பாத்திக் சட்டைக் கழுத்து வழியாய்த் தலையை நீட்டி மூக்கை ஆட்டியது. அந்த வட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என் வயசுக்காரர்கள். எல்லோர் மேலும் அதே பச்சைக் குப்பி. அக்கா, அதற்குச் சொர்க்க வாசல் திறந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் தோளுக்குத் தாவியது, அவரை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவர் மடி, அடுத்தவர் தொப்பி, கடைசியில் சோற்றுக் கோபுரத்தைத் தாண்டி மிதந்துபோய் ஓதுகிறவரின் தாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. நம் மனிதர்களின் மரியாதையை என்னென்பது! ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. பெரியவர் நிறுத்தாமல் ஓதினார், எல்லோரும் "ஆமீன்" என்றார்கள். கிளம்பும்போது பாக் தர்மாஜி மட்டும் வாசல்வரை வந்து, "உங்க கூட வந்தவங்க சாப்பிடவே இல்லையே" என்று இலையில் பப்பாளித் துண்டு கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. அவை பழகியது என்னோடு இல்லை, தைலத்தோடு. நான் வெறும் குப்பி. மறுநாள் கால்நடை டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டால், அந்தச் சின்னப் பெண், "பாக், இவ்வளவு நெடி இதுங்க உடம்புக்கு ஆகாது. ஒண்ணு தைலத்தை விடுங்க, இல்ல இதுங்களை விடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். தைலத்தை விட்டேன். நான்! குப்பிகளையெல்லாம் எடுத்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். இரண்டே நாளில் தும்மல், காது குடைச்சல், முதுகுப் பிடிப்பு. இத்தனையும் பொறுத்துக்கொண்டு மாலையில் கூண்டைத் திறந்தால் இரண்டும் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக் குரைத்தன. கையை நீட்டினால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சீறல். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. முர்னியோ, "நீங்க ஏன் வருத்தப்படறீங்க? நான்கூட இத்தனை வருஷமா தைலத்தோடதான் குடித்தனம் பண்ணினேனோ என்னவோ. இப்பத்தான் உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறது தெரியுது" என்றாள். அந்த எரிச்சலில்தான் அன்றைக்கு உங்களுக்குப் போன் போட்டேன். அந்தப் புலம்பலை அந்த நாளின் கணக்கில் வையுங்கள்.

இப்போது போன வியாழக்கிழமை நடந்ததையும் நடுநிலையோடு சொல்லிவிடுகிறேன். பொழுது சாயும் நேரம், குளித்துவிட்டுத் துண்டோடு கூடத்தில் நிற்கிறேன். உடம்பில் தைலம் இல்லை, பவுடர் இல்லை, ஒன்றுமில்லை. முர்னி சோளம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரைச்சீலைக் கம்பியின்மேல் தாஹு. என்னையே பார்த்தது. சீறப்போகிறது என்று நினைத்தேன். கையை விரித்தது, நேரே வந்து என் மார்பில் விழுந்தது, ஏறித் தோளுக்கு வந்தது, அங்கிருந்து தலைக்குப் போய்த் தன் வழுக்கையை என் வழுக்கையில் தேய்த்தது. தேய்தேயென்று தேய்த்தது. முர்னி சோளத்தை வைத்துவிட்டாள். "அசையாதீங்க. உங்களைத் தனக்குன்னு எழுதி வாங்கிக்கிது" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது அக்கா. கண்ணில் தைலம் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்கக்கூட வீட்டில் தைலம் இல்லை. நிங்ரும் போனபிறகு முர்னி பாட்டுக்கு டிவி, நான் பாட்டுக்குப் பேப்பர் என்று இருந்த வீட்டில், இப்போது மாலையானால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பப்பாளி நறுக்குகிறோம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவை குடும்பத்துக்கு ஏற்ற பிராணிகளே அல்ல. குரைக்கும், கடிக்கும், திரையைக் கிழிக்கும், புதுக் கூரையைக்கூடச் சும்மா விடாது. பேரக்குழந்தைகள் விளையாடக் கூப்பிடுகிற நேரத்தில் தூங்கும், தூங்கவேண்டிய நேரத்தில் விளையாடக் கூப்பிடும். நன்றாய்க் கவனித்தால் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்குமாம், யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் முழங்காலுக்குத் தைலம் போடாமல் ஒருநாளும் இருக்கமுடியாது. உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். மற்றபடி சனிக்கிழமை பாகஸ் வரட்டும். கூண்டைத் துடைத்து வைக்கிறேன். நீங்கள் சொன்னால் சொன்னதுதான். சரிக்கா.

உங்கள் கால் வலி தீர்ந்து, நீங்கள் நடந்து வந்து எங்களை ஆசீர்வதிக்கும் நாளுக்காக வேண்டிக்கொண்டு, முர்னியின் வணக்கத்தையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
வசிஸ்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் முர்னி இதை வாங்கிப் படித்தாள். "இவ்வளவு நீளமா எழுதினதுக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். அக்கா அந்தச் சரியை நம்பிப் பாகஸை அனுப்பி, பிள்ளைங்க வெறுங்கையோட திரும்பினா நல்லா இருக்குமா? நேரா எழுதுங்க" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து உங்களிடம் சொல்லாத வார்த்தை. அக்கா, தர மாட்டேன். எழுதிவிட்டேன். தெம்பேயின் வயிற்றுப் பை கொஞ்சம் உப்பியிருக்கிறது, குட்டி வந்து வளர்ந்தபிறகு பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி கண்டிப்பாக உண்டு, இது செய்யப்போகிற சரி. சனிக்கிழமை எல்லோருமாய்ச் சும்மா வாருங்கள், முர்னி பலாக்காய் சமைக்கிறாள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் முழங்காலுக்குத் தைலம் போடாமல் வாருங்கள் அக்கா. தாஹு உங்களிடம் தாவிப் போய்விட்டால் நான் தாங்கமாட்டேன்.