முப்பத்தெட்டு கிலோவும் ஒரு கொடிக்கயிறும்

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூலையில் கிடப்பார்கள், போட்டதைத் தின்பார்கள், அவ்வளவுதான் என்று. நான் என் கூச்சத்தால் ஒரு காரையே மரவள்ளிக் கொல்லைக்குள் இறக்கியவள். காரோடு என் வீட்டுக்காரரையும், அவரோடு எங்கள் இரண்டு பேர் பிழைப்பையும் சேர்த்து.

கள்ளக்குறிச்சி இன்னும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். என் வீட்டுக்காரர் தன் அண்ணனுடைய மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்தார். சம்பள வேலை இல்லை, தம்பி வேலை. கூப்பிட்டால் ஓட வேண்டும், திட்டினால் சிரிக்க வேண்டும். ஷெட்டை ஒட்டி அண்ணன் வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை, அதில் நாங்கள். அந்த அறைக்குத் தனி வாசல் கிடையாது. தெருவுக்குப் போக வேண்டுமானால் அண்ணன் வீட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

கூடத்தில் மூத்தார் உட்கார்ந்திருப்பார். (வீட்டுக்காரருடைய அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம்.) அவரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்து வலது தோளையும் மூடிக்கொள்ள வேண்டும். எட்டு வருடத்தில் அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினதில்லை. முந்தானையை மட்டும் ஒரு நாளைக்கு இருபது தரம் இழுத்திருப்பேன். தண்ணீருக்குப் போகும்போது ஒரு இழுப்பு, குடத்தோடு திரும்பும்போது ஒரு இழுப்பு. போகப்போகக் கை தானாகவே போக ஆரம்பித்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் செருமினால்கூடப் போகும்.

எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு தனி வாசல்.

இப்போது காருக்கு வருகிறேன். ஷெட்டின் மூலையில் ஒரு பழைய சீமைக் கார் மூன்று வருடமாகக் கிடந்தது. இரண்டே கதவு, உருண்டை முதுகு, சப்பை மூக்கு. ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டர், "நீங்களே வச்சிக்குங்க" என்று விட்டுப்போனது. அதன் பின்சீட்டில் எங்கள் ஓரகத்தியின் கோழி முட்டை போட்டு வந்தது.

ஒருநாள் பட்டணத்து ஆட்கள் சிலர் பஞ்சர் ஒட்ட வந்தார்கள். தை மாதம் பரிகம் அடிவாரத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கார் பந்தயம் விடப்போகிறார்களாம். சின்ன எஞ்சின் வண்டிகளுக்குத் தனிப் போட்டியாம். அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் அந்தக் கோழியைத் தூக்கி வெளியே விட்டார்.

மூத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாடா, கோழிக் கூண்ட மலைக்கு ஏத்தப் போறியா?"

"ஏறும்ண்ணா."

"ஏறிட்டா? மொதல் மூணுல ஒண்ணா வா. தியாகதுருகம் ரோட்டு ஷெட்ட உனக்கே வுட்டுடறேன், பின்னால கீற வூட்டோட. ஏறலன்னா இனிமே காருன்னு வாயத் தொறக்கக் கூடாது. செத்துப் போற வரிக்கும் எங்கூடவே கெட. இன்னா?"

"சரிண்ணா."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தியாகதுருகம் ரோட்டு வீட்டை எனக்குத் தெரியும். அதற்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. இரண்டும் நமக்கே! அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

கையில் காசில்லாமல் காரை வேகமாக்க ஒரே வழி, அதிலிருந்து எதையாவது கழற்றுவதுதான் என்று அவர் சொன்னார். கழற்றினார். பின்சீட்டு போயிற்று. (அதை மூத்தார் கூடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.) பம்பர் போயிற்று. கதவுக் கண்ணாடிகள் போயின. ஸ்டெப்னி போயிற்று. கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டாரோடு போயிற்று. "தை மாசத்துல ஏதுடி மழை?" என்றார். ஆரனும் போயிற்று. நாமதான் முன்னால் போகப் போகிறோம், யாருக்கு அடிப்பது? மிச்சமிருந்த தகரத்திலெல்லாம் டிரில்லிங் மிஷினால் ஓட்டை போட்டார். கிளட்ச் மிதியில்கூட ஓட்டை. வெயிலில் நிறுத்தினால் உள்ளே புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும், இட்லித் துணிக்குள் உட்கார்ந்த மாதிரி.

அப்புறம் எஞ்சின். அதன் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி வந்தார், அதில் வேகம் கூடுமாம். சைலன்சரை அறுத்துவிட்டு பம்பு செட்டுக் குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். காற்று நிறையப் போக வேண்டுமென்று பானெட்டில் ஓட்டை போட்டு, அதன்மேல் என் அலுமினியக் குண்டானைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தார். (கல்யாணச் சீர். எங்கள் அப்பா ரிஷிவந்தியம் சந்தையில் வாங்கினது.) பழைய இரும்புக் கடை சலீம் பாய் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "வெயிட்டு கம்மி பண்றேன்னு வண்டியவே கம்மி பண்ணிட்டியேப்பா" என்றார். ஆனாலும் தலைக்குப் போட ஹெல்மெட் இரண்டு அவர்தான் கொடுத்தார்.

பந்தயக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். வண்டியில் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல. ஷெட்டில் இருந்த இன்னொரு மெக்கானிக் தொண்ணூறு கிலோ. என் வீட்டுக்காரர் என்னை நெல் மண்டித் தராசில் ஏறி நிற்கச் சொன்னார். முள் முப்பத்தெட்டில் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"நீதான்டி, அஞ்சல."

"நானாங்க? நான் ஏங்க?"

"உன்னைவிடக் கம்மியா இந்த ஊர்ல ஆள் இல்ல. அதுவும் நீ படிச்சவ."

படிப்பு என்றால் ஐந்தாம் வகுப்பு. அவருக்கு அதுவும் இல்லை. அதனால் பரிகத்திலிருந்து வெள்ளிமலைக்கு மூன்று நாள் பஸ்ஸில் போய்ப் போய் வந்தோம். ஒவ்வொரு வளைவாக அவர் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். "ஒன்று, இடது, பாறை. இரண்டு, வலது, ஓடை." எட்டு வருடத்தில் அவர் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அந்த மூன்று நாள்தான். கண்டக்டர் எங்களைப் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நினைத்து ஜன்னல் சீட்டு கொடுத்தார். அதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொல்லை வெள்ளோட்டத்தில் ஆரம்பித்தது. சைலன்சர் இல்லாத எஞ்சின் கத்துகிற கத்தில் பக்கத்தில் வெடி போட்டாலும் கேட்காது. எனக்கோ பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி பேசினாலே வியர்க்கும்.

"லெப்டுங்க."

"இன்னா?"

"லெப்டுங்க!"

"இன்னாடி? கொயம்புல உப்பு கேக்கறவளாட்டம் முணுமுணுக்கிற!"

அதற்குள் வண்டி நேராகப் போய் ஒரு வைக்கோல் போரைத் தொட்டு நின்றது. "அப்போ தோள்ல தட்டு" என்றார். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, புருஷன் தோளில் தட்டுவதா? மாட்டேன் என்றேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தியாகதுருகம் ரோட்டு வாசல் இரண்டும் கண்முன்னால் சாத்திக்கொள்வது தெரிந்தது.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) நான் ஏர் கட்டுகிற வீட்டில் பிறந்தவள். மாட்டிடம் யாராவது பேசிக்கொண்டா இருக்கிறார்கள்? எங்கள் அறையில் ஈரத்துணி காய்கிற கொடிக்கயிற்றை அவிழ்த்து இரண்டாக அறுத்தேன். ஒன்று அவர் இடது கையில், இன்னொன்று முதுகுப் பக்கமாகச் சுற்றி வலது கையில். இரண்டு நுனியும் என்னிடம். இடது கயிற்றை இழுத்தால் இடது, வலதை இழுத்தால் வலது. வாயைத் திறக்கவே வேண்டாம். அவர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளிய தெரியாம இருந்தா சரி" என்றார்.

பந்தயத்தன்று காலையில் பரிகத்தில் வண்ண வண்ணமாகக் கார்கள் நின்றன. நடுவில் எங்கள் குண்டான். ஹெல்மெட் என் கொண்டையில் ஏறவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டேன். பேர் எழுதுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்கதான் வழி சொல்றவங்களா?"

"ஆமாங்க."

"பேச மாட்டாங்களா?"

"அதுக்குத் தேவ இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

கொடி விழுந்தது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு வண்டியாக விட்டார்கள். நோட்டைத் துணி கிளிப்பால் எதிரே மாட்டியிருந்தேன். ஒன்று, இடது. இழுத்தேன், திரும்பினார். இரண்டு, வலது. இழுத்தேன், திரும்பினார். பத்தாவது வளைவில் என் பயம் போய்விட்டது. ஏற ஏறப் பனி வந்து கண்ணாடியில் பூசிக்கொண்டது. வைப்பர் இல்லை. அவருக்கு முன்னால் வெள்ளைதான், கயிற்றை மட்டும் நம்பி ஓட்டினார். எனக்குப் பக்கத்தில் கண்ணாடியே இல்லாததால் வெளியே நன்றாகத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்னபடி ஒருத்தர் நடந்தது அந்தப் பதினைந்து நிமிஷம்தான். இருபதாவது வளைவில் எட்டிப் பார்த்தால், எங்களுக்கு முன்னால் கிளம்பின சிவப்புக் கார்! ஒரு நிமிஷம் முன்னால் போன வண்டியைப் பிடித்துவிட்டோம். மனதுக்குள் தியாகதுருகம் ரோட்டு வாசலில் கோலமே போட்டு முடித்துவிட்டேன்.

இருபத்து மூன்று. இடது, பெரிய வளைவு, புளியமரம்.

புளியமரத்தடியில், என் பக்கமாக, கையெட்டும் தூரத்தில், குடையை ஊன்றிக்கொண்டு மூத்தார் நின்றார். எங்களைப் பார்க்கத்தான் சலீம் பாயோடு வந்திருக்கிறார்.

என் கை போயிற்று.

நான் போகச் சொல்லவில்லை. வலது கை தானாக முந்தானையைப் பிடித்து, எழுந்திருக்கப் பார்த்த உடம்போடு சேர்த்து, வலது தோளுக்கு மேலே ஒரே இழுப்பாக இழுத்தது. வலது கயிறு அந்தக் கையில்தான் இருந்தது.

அவர் எவ்வளவு நல்ல புருஷன் என்றால், ஒரு கேள்வி கேட்காமல் வலது பக்கம் திரும்பினார். வண்டி ரோட்டைவிட்டு இறங்கி, மரவள்ளிக் குச்சிகளை மடமடவென்று சாய்த்துக்கொண்டு போய், ஒரு வரப்பில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது. திரும்பின வேகத்தில் குண்டான் ரோட்டிலேயே கழன்றுகொண்டது. அது உருண்டு மூத்தார் காலடியில் போய் நின்றதாகப் பின்னால் சொன்னார்கள்.

இரண்டு பேருக்கும் அடி இல்லை. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. கையோ காலோ உடைந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். மூத்தார் வரப்பில் இறங்கி வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும், ஹெல்மெட்டோடு கீழே இறங்கி நின்று மறுபடியும் முந்தானையை இழுத்தேன். கயிறு இன்னும் கையில்தான் இருந்தது. அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிய என் வீட்டுக்காரர் கயிற்றோடு இழுபட்டு விழுந்தார்.

மூத்தார் கயிற்றைப் பார்த்தார். தம்பியின் கையைப் பார்த்தார். கயிற்றின் நுனியைத் தேடிக்கொண்டு கண் என்மேல் வந்தது.

"அடப் பாவி! பொண்டாட்டி கையில கவுறு குடுத்துட்டு வந்துக்கிறியேடா. சலீம் பாய், இங்க வாங்க, எந்தம்பிய ஓட்டிக்கினு வந்துக்கீறா பாருங்க!"

ஊரே இறங்கி வந்து பார்த்தது. சலீம் பாய் மட்டும் சிரிக்காமல், "அடி ஜாஸ்தி இல்லியேம்மா?" என்று கேட்டார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

"நோட்டுல தப்பா எழுதிக்கினாளா?" என்று மூத்தார் கேட்டார்.

"நோட்டு கரெக்ட்டுண்ணா. அவ சரியாத்தான் இழுத்தா. நான்தான் தப்பா திரும்பிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கொல்லைக்காரருக்கு மரவள்ளிக் குச்சி நட்டுக் கொடுத்தோம். கார் சலீம் பாய் கடைக்குப் பழைய இரும்பாகப் போயிற்று. தியாகதுருகம் ரோட்டு ஷெட் மூத்தாருடைய மூத்த மகனுக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர் சொன்ன சொல் மாறவில்லை, காரென்று வாய் திறக்கவில்லை. டிராக்டரும் பம்பு செட்டும்தான் பார்த்தார். கொடிக்கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடியும் அறையில் கட்டினேன். துணி உலர்த்தும்போதெல்லாம் அந்த முடிச்சு கையில் தட்டும்.

மூத்தார் காலமான பதினாறாம் நாள்தான் என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். மூத்தாரைப் பார்த்துக் கூச்சத்தில் முந்தானையை இழுத்ததைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்போங்க தெரியும்?"

"அன்னிக்கே. பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்தேன்."

"அப்போ ஏங்க உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"உன்னச் சொன்னா ஆயுசுக்கும் உன்னத் திட்டுவாரு. நான் திட்டு வாங்கிப் பழக்கப்பட்டவன்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேரப்பிள்ளைகள்தான் பேசுகிறார்கள். வீட்டில் யார் வண்டி எடுத்தாலும், "ஆயா, கவுத்தப் புடி" என்பார்கள்.

இப்போது அவருக்குச் சர்க்கரையில் கண் இரண்டும் போய்விட்டது. ஷெட்டுச் சத்தத்தில் காது எப்போதோ போயிற்று. அதனால் அவர் துண்டின் ஒரு நுனியை வலது மணிக்கட்டிலும் இன்னொன்றை இடது மணிக்கட்டிலும் கட்டி, நடுவில் நான் பிடித்து நடத்திக்கொண்டு போகிறேன். இடது இழுத்தால் இடது, வலது இழுத்தால் வலது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் போய் வந்துவிடுவோம். மறக்கவே இல்லை, மனிதர்.

நாங்கள் இன்னும் அந்தப் பின்னறையில்தான் இருக்கிறோம். வாசலுக்குப் போக வேண்டுமானால் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். கூடத்தில் அந்தக் காரின் பின்சீட்டு கிடக்கிறது. அதற்கு மேலே மாலை போட்ட மூத்தார் படம். தினமும் காலையில் அதைத் தாண்டும்போது என் கை போகிறது. என் வீட்டுக்காரர் வலது பக்கம் திரும்பிச் சுவரில் முட்டிக்கொள்கிறார்.

முட்டின இடத்தைத் தடவிக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்கிறார்:

"இன்னாடி, எங்கண்ணன் வந்துட்டாரா?"