காதல் பாட்டுக்கு ஒரு ஆமென்

ஊரில் யாருக்கும் தெரியாத மொழியைப் படிக்கிறவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். (பிழை பிடிக்க ஆள் இல்லையே.) எனக்கு அது லத்தீனால் வந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த ஐரோப்பிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடைக்கால லத்தீன் காதல் கவிதைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்தக் காலத்து மடத்து மாணவர்கள் பலே ஆட்கள். தேவாலயத்தில் பாடிய அதே மெட்டில், அதே பக்தியோடு, காதலியை ராணி என்றும் தங்களை அவள் அடிமை என்றும் எழுதிவைத்தார்கள். அம்மா மட்டும் என் படிப்பை 'மருத்துவத்துக்குக் கிட்டின படிப்பு' என்று நாங்கள் இருந்த அம்மருட் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அப்போது நான் நகரின் மறுபக்கம் ஹொல்ம்லியாவில் இருந்த ஜெனிற்றாவைக் காதலித்தேன். அவளுடையது மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் திருநீற்றுக்காரர். சைவப் பொடியனுக்குப் பெண் இல்லை என்று அவளுடைய அப்பா ஒற்றைக்காலில் நின்றார். நான் லத்தீன் படிக்கிறேன் என்று தெரிந்ததும் அந்தக் கால் சற்று ஆடியது. பழைய பூசை மொழி படிக்கிறவன் பாதிக் கத்தோலிக்கன்தானே என்று நினைத்து, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசைக்கு வந்தன. லத்தீனில் ஒரு செபம் சொல்லித் தொடக்கிவைக்கும்படி என்னிடம் கேட்டார்.

எனக்கு ஒரு செபமும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். (தலைக்கனம் விட்டால்தானே.) கண்ணை மூடி, கைகூப்பி, ஆய்வுக்காக மனப்பாடம் செய்திருந்த ஒரு காதல் பாட்டை உருக்கமாக இழுத்தேன். ஜெனிற்றாவின் அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

ஒருவர் மட்டும் சொல்லவில்லை. அவர் அவளுடைய பெரியப்பா. மன்னாரிலிருந்து வந்திருந்த, ஓய்வுபெற்ற குருவானவர். குருமடத்தில் லத்தீன் படித்தவர் என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

பொடியனின் செபம் எப்படி என்று ஜெனிற்றாவின் அப்பா பெருமையாகத் தன் அண்ணனைக் கேட்டார்.

"நல்லது. முதலிலை உதடு வந்தது, பிறகு கழுத்து வந்தது. இன்னும் கீழை இறங்க முதல் நீங்கள் ஆமென் சொன்னது அதிலும் நல்லது."

கறிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஜெனிற்றா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அதில் அன்பு துளியும் இல்லை. என் கலியாணம் கைநழுவிப் போய்விட்டது என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. இனிப் பொய் சொல்லி என்ன பயன்?

"எனக்குச் செபம் தெரியாது அங்கிள். இவவைப் பார்த்தால் எனக்கு இந்தப் பாட்டுத்தான் வரும்."

ஜெனிற்றாவின் அப்பா எழும்பப் போனார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து இருத்தினார்.

"இரடா. இந்தப் பாட்டை நாங்கள் செபப் புத்தகத்துக்குள்ளை ஒளிச்சு வைச்சுப் படிச்சனாங்கள். பொடியன் அனுபவிச்சுத்தான் சொல்லுறான். ஒரு வரியை விட்டிட்டான், அவ்வளவுதான்."

எந்த வரி என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஜெனிற்றாவின் அப்பா கரண்டியை எடுத்து என் தட்டில் கறியைப் போட்டார்.

எங்கள் திருமணத்தை அந்தப் பெரியப்பாதான் நடத்திவைத்தார். இன்றைக்கும் நானும் ஜெனிற்றாவும் சமையலறையில் சற்று அதிக நேரம் நின்றுவிட்டால், மாமியார் வெளியே எங்கள் பிள்ளைகளை மறித்துவிடுவார்.

"உள்ளை போகாதேங்கோ. அப்பாவும் அம்மாவும் செபம் சொல்லினம்."