ஆரஞ்சுப் பவளம் குறித்துச் சகலைக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சகலை, பல் டாக்டர் அவர்களுக்கு,

மூத்த சகலை, கண்ணாடிக் கடைக்காரன் எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். கடை சௌக்கியம். உங்கள் அண்ணி சௌக்கியமா என்பதை நீங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். குளித்துவிட்டு வருகிறேன் என்று உங்கள் வீட்டுக்குக் கிளம்பியவள் நான்கு நாளாகத் திரும்பவில்லை. என் கொழுந்தியாளுக்கும், உங்களோடு வந்து தங்கியிருக்கும் நம் மாமியாருக்கும் என் வணக்கங்களைச் சொல்லவும். உங்கள் மீன் தொட்டியும் நலமாகத்தான் இருக்கும். அதற்கென்ன குறை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை கிடையாது. இந்தக் குடும்பத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து முதன்முதலில் பவளம் வளர்த்தவன் நான். என் நாலடித் தொட்டியைப் பார்த்து, "அண்ணே, இது கல்லா, செடியா?" என்று கேட்டவர் நீங்கள். உயிருள்ள பிராணி என்று விளக்கிச் சொன்னேன். அடுத்த வருஷமே ஆறடித் தொட்டி வாங்கினீர்கள். வாங்கட்டும், கையில் தெம்பிருக்கிறது, பல்வலி வராத மனுஷன் யார் என்று பேசாமல் இருந்தேன். நம் மாமியார் போன தடவை வந்தபோது உங்கள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கன்னத்தில் கை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். தொட்டி முன்னால் நின்றார். "மாப்ள, இந்த மோட்டார் சத்தத்துல எப்படித்தான் தூங்குறீங்களோ" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதத்துக்கு முன் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தோம். நீங்கள் பெருந்தன்மையாக உங்கள் பச்சைப் பவளத்தில் ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தீர்கள். சட்டைப் பொத்தான்களை நெருக்கி நெருக்கித் தைத்தது போல இருக்குமே, அந்த ரகம். கொடுத்ததோடு நின்றிருக்கலாம். "அண்ணே, இத நேரா பெரிய தொட்டியில போட்டுறாதீங்க. யார் குடுத்தாலும் சரி, நானே குடுத்தாலும் சரி, மொதல்ல மருந்துத் தண்ணியில முக்கணும், அப்புறம் நாப்பத்தஞ்சு நாள் தனித்தொட்டி. கண்ணுக்குத் தெரியாம முட்டை ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றீர்கள். கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு கண்ணாடிக் கடைக்காரனிடம் சொன்னீர்கள். போதாததற்கு அதையெல்லாம் உங்கள் மருந்துச் சீட்டில் வேறு எழுதிக் கொடுத்தீர்கள். எங்கள் கடைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை வாசிக்கிறவன் நான். உங்கள் கையெழுத்தில் 'நாற்பத்தைந்து' தவிர ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். மாமியார் வருவதற்கு முப்பத்தாறு நாள்தான் இருந்தது. அப்படியென்றால் அவர் வரும்போது பச்சைப் பவளம் எங்கே இருக்கும்? குளியலறையில், பிளாஸ்டிக் தொட்டியில், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில். உங்களுடையது கூடத்தில் ஆறடியில் நீல வெளிச்சத்தில் ஜொலிக்கும். இந்தக் கணக்குப் போட்டுத்தான் நாற்பத்தைந்து என்கிறீர்கள் என்று என் மனது சொல்லிற்று. மனதுக்கு என்ன, எதையும் சொல்லும். நான் கேட்டிருக்கக் கூடாது.

துண்டை அன்றே பெரிய தொட்டியில் வைத்தேன். மறைப்பானேன், அதே வாரம் இன்னொன்றும் செய்தேன். தன் வீட்டு மாடியில் தொட்டி வைத்துப் பவளம் விற்கிற ஒரு ரிட்டையர்டு பஸ் டிரைவரைத் தேடிப் பிடித்து, உங்களிடம் இல்லாத நிறமாகப் பார்த்து, அதே பொத்தான் ரகத்தில் ஆரஞ்சு வாங்கினேன். "இத கொஞ்ச நாள் தனியா வைக்கணுமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "நம்மகிட்ட அதெல்லாம் வேணாம் சார், எல்லாம் வீட்டுச் சரக்கு" என்றார். என் காதுக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. பச்சைக்கு அருகிலேயே அதையும் வைத்தேன்.

இரண்டு வாரம் கண்கொள்ளாக் காட்சி. மூன்றாவது வாரம் பச்சைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இடம் மாறிய கோபம் என்று நினைத்தேன். நாலாவது வாரம் மூடியவை திறக்கவே இல்லை. அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கையில் போனை எடுத்தவன் உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாமியாரைக் கூப்பிட்டேன். "அத்தை, சின்ன மாப்ள குடுத்த பவளத்துல பூச்சி. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றாரு, அவர் வீட்டுப் பூச்சி என் தொட்டியக் காலி பண்ணிருச்சு" என்றேன். அவர், "அவர் ரொம்பச் சுத்தம் பாக்குறவராச்சே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. கொழுந்தியாளிடம் சொன்னேன். கடைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளரிடமும் சொன்னேன். அவர்கள் உங்களிடம் பல் காட்டுகிறவர்கள். இவையெல்லாம் இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

உங்களை ஆதாரத்தோடு மடக்க வேண்டும் என்றுதான் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். இரண்டு துண்டையும் வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓடில்லாத நத்தை, அரிசி நீளம்கூட இல்லை. எந்தப் பவளத்தைத் தின்கிறதோ அதன் நிறத்துக்கே மாறி, அதன் பொத்தான் போலவே முதுகில் குஞ்சம் வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டோடு மாப்பிள்ளை தோற்றான். பச்சையில் இருந்த நத்தைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தேன். மூன்று பச்சை. மற்ற ஒன்பதும் ஆரஞ்சு. ஆரஞ்சு தின்று வளர்ந்து, அது போதாமல் உங்கள் பச்சைக்கு நடந்து வந்தவை. ஆரஞ்சுத் துண்டின் கல்லைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சுருள் சுருளாக முட்டை, நாலு சுருள். உங்கள் பச்சையின் கல்லடி, துலக்கிய பல் மாதிரி இருந்தது. உங்கள் அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, டாக்டர் தம்பி மேலதான் தப்பா?" என்றாள். நான் ஆரஞ்சுக் கல்லைக் கவிழ்த்து வைத்தேன். "கேட்டா பதில் சொல்லுங்க" என்றாள். இடுக்கியைத் துடைக்கத் துணி தேடிப் போனேன்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியும். தொட்டியில் இருந்த இருபத்துமூன்று பவளங்களையும் வெளியே எடுத்து மருந்துத் தண்ணீரில் முக்கி, கல்லடியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, குளியல் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, ஹீட்டரும் விளக்கும் மாட்டி வரிசையாக அடுக்கினேன். முட்டை பொரியப் பொரிய வாராவாரம் திரும்ப முக்க வேண்டுமாம். இனி குளிப்பது எங்கே என்று உங்கள் அண்ணி கேட்டாள். அடுப்படித் தொட்டியில் வாளி வைத்துக்கொள்ளலாமே என்றேன். "எத்தன நாள்?" "நாப்பத்தஞ்சு." அவள் துண்டு, சோப்பு, நான்கு புடவை எடுத்துப் பையில் வைத்தாள். குளிக்கப் போகிறவளுக்கு நான்கு புடவை எதற்கு என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நேற்று போன் செய்தாள். "இங்க தொட்டி முன்னாடி உக்காந்தா மனசு லேசாகுதுங்க. தம்பி ஒவ்வொண்ணுக்கும் என்ன பேரு, எங்கேருந்து வந்துதுன்னு பொறுமையா சொல்றாரு" என்றாள். நான்கு வருஷமாக நான் சொன்னபோதெல்லாம் இவள் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள். இருக்கட்டும். நான் அழவில்லை. உப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே சகலை, தவறு முழுக்க என்னுடையது. பூச்சி என்னுடையது, அவசரம் என்னுடையது, அத்தையிடம் சொன்ன பொய்யும் என்னுடையது. அவரிடம் நானே உண்மையைச் சொல்கிறேன். இனி உங்கள் தொட்டியை என் தொட்டியோடு ஒப்பிட மாட்டேன். உங்களிடம் எதையும் மறைக்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தயவுசெய்து உங்கள் அண்ணியிடம் எனக்காக இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவையுங்கள். வீடு வீடாக இல்லை. மோட்டார் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது.

உங்கள் கைராசி ஓங்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கும் என் கடைக் கண்ணாடியும், என் வீட்டில் ஒருவருக்கும் உங்கள் ஊசியும் தேவைப்படாமல் எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பொறாமையற்ற,
மூத்த சகலை.

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் உங்கள் அண்ணி போன் செய்தாள். உங்கள் தொட்டியில் இடது மூலைப் பாறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஆரஞ்சுதான் எல்லாவற்றிலும் அழகு என்று அத்தை சொன்னாராம். அதற்கு நீங்கள், "அது நம்ம தொட்டியிலயே தானா வந்தது அத்தை" என்றீர்களாம். தானாக வரவில்லை. போன மாதம் நீங்கள் நோயாளியின் போனை எடுக்க உள்ளே போனபோது, என் ஆரஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து நான் வைத்தது. உங்கள் தொட்டியில் அத்தை எதையாவது பாராட்டினால் அது என்னுடையதாக இருக்கட்டும் என்று வைத்தேன். பாராட்டிவிட்டார். அது என்னுடையது என்பதை அவரிடம் இன்றே சொல்லிவிடவும். பிறகு உங்கள் அண்ணியை வண்டி ஏற்றிவிடவும். வண்டி கிளம்பிய பின் அதன் கல்லைத் திருப்பிப் பார்க்கவும்.